வைப்பர் கயிறு உபயம்

காலை ஏழு மணிக்கே அந்தப் பழைய பிக்அப் வண்டியைக் கழுவித் துடைத்து, அடி அண்ணாமலை நெல் மில் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் பம்பர் மேல் ஏறி நின்று, முன்கண்ணாடியின் நெற்றியில் மஞ்சள் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். ‘அன்னதானச் செம்மல் பலராமன்’ என்று அது நீண்டுகொண்டே போனது.

செம்மல் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மில் முதலாளி பலராமன் ஒரு பௌர்ணமிவரை வெறும் பலராமனாகத்தான் இருந்தார். அடுத்த பௌர்ணமி நோட்டீசில் செம்மலாகிவிட்டார். கிரிவலம் வருகிறவர்களுக்கு மாதா மாதம் சோறு போடும் குழுவின் தலைவர் அவர். நோட்டீஸ் அச்சடித்ததும் அவர்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

“இன்னும் கொஞ்சம் கீழ இறக்குப்பா. ‘செம்மல்’ தூரத்துல இருந்தே தெரியணும்” என்றார் பலராமன்.

வண்டியின் டிரைவர் காசி, உள்ளே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். மேலே தலைவர் பெயர். இடது ஓரத்தில் அண்ணாமலையார் படம். வலது ஓரத்தில் போன வருஷத்துப் போலீஸ் பாஸ், அதன் பக்கத்தில் இந்த வருஷத்துப் பாஸ். கீழே அரிசி உபயம், பருப்பு உபயம், இலை உபயம் என்று வரிசையாகப் பெயர்கள். சாலையைப் பார்ப்பதற்கென்று நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

காசி இறங்கி வந்தார். “தலைவரே, வைப்பர் மோட்டார் போயி மூணு மாசம் ஆவுது. இது ஐப்பசி. பௌர்ணமி அன்னிக்கு மழை புடிச்சிதுன்னா என்னால ஓட்ட முடியாது.”

“அண்ணாமலையார் இருக்காரு காசி.”

“அவரு இருக்காருங்க. மோட்டார்தான் இல்ல.”

“இத்தினி நாள் எப்பிடி ஓட்டின?”

“தூறலுக்குப் புகையிலையைக் கண்ணாடியில தேச்சிக்கிட்டு ஓட்டினேங்க. அது ஆளில்லாத ரோடு. பௌர்ணமி ரோடு அப்பிடியா? வேங்கிக்கால் மணிமொழி மெக்கானிக்கைக் கேட்டேன். உள்ள பல்லு தேஞ்சி போச்சி, மோட்டாரையே மாத்தணும், அரை நாள் வேலைன்னு சொல்லிட்டாங்க.”

பலராமன் கருமி அல்ல. ஆனால் ஒரு கொள்கை வைத்திருந்தார். குழுவின் வண்டிக்கு எது வந்தாலும் உபயமாக வர வேண்டும். உபயம் என்றால் கொடுத்தவர் பெயர் வர வேண்டும். இந்தக் கொள்கையால்தான் வண்டியின் பின்கதவில் நான்கு பெயரும், ஏணியில் இரண்டு பெயரும், சோற்று அண்டாவின் மூடியில் ஒரு பெயரும் இருந்தன. கரண்டியில்கூட ஒரு பெயர் உண்டு. கரண்டி சிறியது என்பதால் தலைப்பெழுத்து மட்டும்.

அன்று மாலை குழு கூடியது. “வைப்பர் மோட்டார் உபயம். யாரு எடுத்துக்கிறீங்க?” என்று தலைவர் கேட்டார்.

மாதா மாதம் மாலை கொடுக்கும் பூக்கடை தனம் முதலில் கையைத் தூக்கினார். “நான் எடுத்துக்கிறேண்ணா. மோட்டாரு எங்க இருக்கும்?”

“கண்ணாடிக்கு அடியில, மூடிக்குள்ள இருக்கும்” என்றார் காசி.

“அப்ப பேரை எங்க எழுதறது?”

“மோட்டார் மேலேயே எழுதிக்கலாமே.”

“மூடியைப் போட்டுட்டா தெரியாதே.”

“தெரியாதுதாங்க.”

தனம் தூக்கிய கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “நான் எப்பவும்போல மாலையே குடுத்துடறேன். இந்த வாட்டி இன்னும் ஜாஸ்தியா, கண்ணாடிக்குக் கீழ முழுக்கப் பூவா கொட்டிடலாம்.”

வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. சாமிக்குச் செய்கிற காரியம் சாமிக்குத் தெரிந்தால் போதும் என்று ஒவ்வொரு மாதமும் மேடையில் சொல்கிறவர்கள்தான் அத்தனை பேரும். இருந்தாலும் மூடிக்குள் இருப்பது சாமிக்குத் தெரியுமா என்பதில் அன்றைக்கு அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஹார்டுவேர் கடை ஆதிமூலத்துக்கு யோசனை வந்தது. “மோட்டார் எதுக்குங்க? வைப்பர் கை ரெண்டும் இப்ப தொட்டா ஆடுது. நைலான் கயித்தைக் கட்டி, ரெண்டு ஜன்னல் வழியாவும் உள்ள வுட்டுடுவோம். மழை வந்தா இந்தப் பக்கம் ஒரு இழு, அந்தப் பக்கம் ஒரு இழு. கயிறு நம்ம கடை உபயம்.”

கயிறு வெளியே தெரிகிற பொருள். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. ‘கைமுறை வைப்பர் ஏற்பாடு’ என்று மினிட் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் ஏறியது. மறுநாளே கண்ணாடியில் இன்னொரு ஸ்டிக்கர் முளைத்தது: ‘வைப்பர் கயிறு உபயம்: ஆதிமூலம்’. சாலையைப் பார்க்க மிச்சமிருந்த தட்டு இப்போது கிண்ணமாகச் சுருங்கிவிட்டது.

பௌர்ணமி வந்தது. ஐப்பசிப் பௌர்ணமி என்பதால் கோயிலில் அன்னாபிஷேகம். லிங்கத்தைச் சோற்றால் மூடும் நாளில் சோறு போடுவது விசேஷம் என்று ஊரெங்கும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மில் கொட்டகையில் இரண்டு பெரிய அண்டா சாம்பார் சாதம் ஆவி பறக்க வண்டியில் ஏறியது. குபேர லிங்கத்துக்கு இந்தப் பக்கம் பந்தல். அங்கே ஒரு சிறப்பு விருந்தினர் முதல் கரண்டியைப் போடுவதாக ஏற்பாடு. அவரை வரவேற்க ஆதிமூலம் முன்னாலேயே சால்வையோடு போய்விட்டார்.

மூன்றரை மணிக்கு மலை இருந்தது. மூன்றே முக்காலுக்கு மலையைக் காணவில்லை. மேகம் உச்சியிலிருந்து இறங்கி, பாறை பாறையாக மறைத்துக்கொண்டே அடிவாரத்துக்கு வந்தது. அப்புறம் மழை. தூறி, யோசித்து, பிறகு பெய்கிற மழை அல்ல அது. தகரக் கூரையில் மொத்தமாக விழுந்தது. சாலையில் நடந்துகொண்டிருந்த ஜனம் ஒரு கணம் நின்று, ‘அரோகரா’ என்று ஒரே குரலாக எழுப்பியது. பிளாஸ்டிக் தாளையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு மறுபடியும் நடந்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை.

காசி சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினார். “நான் எடுக்க மாட்டேன்.”

“இன்னாப்பா விளையாடறியா? சோறு ஆறிப் போவுது. ஜனம் காத்துக்கினு இருக்குது!”

“அந்த ஜனத்து மேலதான் ஏத்திடுவேனோன்னு பயமா இருக்குதுங்க. வண்டி ஓட்டி இருபது வருசத்துல ஒரு கோழியைக்கூட நான் அடிச்சதில்ல.”

“கமிட்டியில தீர்மானம் போட்டிருக்குதே. கயிறு இருக்குதே!”

“நான் ஸ்டீரிங்கைப் புடிப்பேனா, கயித்தை இழுப்பேனா?” என்றார் காசி. “தலைவரே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. நாளைக்கு ஒரு உசுரு போச்சின்னா அன்னதானச் செம்மல்னு பேப்பர்ல வராது. டிரைவர் காசின்னுதான் வரும். உபயம் யாரு பேர்ல வேணும்னாலும் போட்டுக்குங்க. கேஸ் என் பேர்லதான்.”

பலராமன் சுற்றிலும் பார்த்தார். தனம் அவசரமாகப் பூக்கூடையை எண்ணத் தொடங்கினார். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் தோள்வலியும் முழங்கால் வலியும் வந்திருந்தன. பலராமன் ஆவி பறந்துகொண்டிருந்த அண்டாவைப் பார்த்தார். பிறகு பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அங்கவஸ்திரத்தோடு டிரைவர் பக்கத்து சீட்டில் தாமே ஏறி உட்கார்ந்தார்.

“மெதுவா போ. நான் இழுக்கிறேன்.”

கயிற்றின் ஒரு முனை இடது கையில், மறுமுனை வலது கையில். காசி மறுபடி ஏறிச் சாவியைப் போட்டார். வண்டி ஊர்ந்தது. வலது பக்கம் இழுத்தால் ஒரு கணம் சாலை தெரிந்தது. அடுத்த கணமே தண்ணீர் அதை அழித்தது. இடது பக்கம் இழுத்தால் மறுபடியும் சாலை. ஆனால் அது வேறு சாலை, வேறு மனிதர்கள். ஒரு இழுப்புக்கு நனைந்த வெறுங்கால்கள் நான்கு. ஒரு இழுப்புக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முதுகு. இன்னொரு இழுப்புக்கு ஊன்றுகோல் ஒன்று, அதைப் பிடித்திருந்த கை மட்டும். ‘பக்தகோடிகள்’ என்று பலராமன் மைக்கில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கோடி என்பது இப்படித் துண்டு துண்டாக, ஒரு முழ தூரத்தில், எலும்பும் தோலுமாக வரும் என்று அவர் நினைத்ததில்லை.

“இழுங்க. இழுங்க. வுட்டுடாதீங்க” என்று காசி மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நூறடி போவதற்குள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. தலைக்குமேல் மஞ்சள் எழுத்தில் தம் பெயர் உள்ளிருந்து பார்க்க இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது. அந்தப் பெயர் மறைத்த இடத்திலும் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது முதல் தடவையாக உறைத்தது.

அப்போது போன் அடித்தது. திரையில் ஆதிமூலம். சிறப்பு விருந்தினர் வந்திருக்க வேண்டும். அவரோடு எடுத்துக்கொள்ள மூன்று மாதமாகக் காத்திருந்த போட்டோ. பலராமன் பழக்கத்தில் கயிற்றை விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

“ஆங், சொல்லு ஆதிமூலம்…”

கண்ணாடி முழுக்கத் தண்ணீராகிவிட்டது.

“தலைவரே, கயிறு!” என்று காசி கத்தினார்.

பலராமன் போனை மடியில் போட்டுவிட்டு ஒரே வெட்டாக இழுத்தார். வைப்பர் கண்ணாடியைக் கடந்தது. நேர் எதிரே, மிகத் தாழ்வாக, ஒரு சின்னத் தீபம் எரிந்துகொண்டிருந்தது.

காசியின் கால் பிரேக்கில் மொத்தமாக இறங்கியது. பின்னால் அண்டாக்கள் முட்டிக்கொண்டன. சூடான சாம்பார் சாதம் தளும்பி வழிந்தது. வண்டி ஒரு சறுக்குச் சறுக்கி நின்றது.

பலராமன் இறங்கினார். வண்டியின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், அறுபது வயதுப் பெண் ஒருவர் சாலையில் குந்தியிருந்தார். ஒரு கையில் விரித்த கறுப்புக் குடை. அந்தக் குடைக்கடியில், தார்ச்சாலையில், ஒரு வில்லைக் கற்பூரம். இந்த ஊரில் நடந்துகொண்டே இருக்கும் ஜனம் எந்த இடத்தில் மலை கூப்பிடுகிறதோ அந்த இடத்தில் உட்கார்ந்து கற்பூரம் ஏற்றும். அவரை மேகத்துக்குள் இருந்தே மலை கூப்பிட்டிருந்தது. இரைச்சலில் வண்டி வந்தது அவருக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு மழைக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மழை இல்லாத இடம் ஒன்று இருந்தது. அதில் அந்தத் தீ ஆடாமல் நின்றது.

பலராமன் வருஷா வருஷம் மகாதீபத்தைப் பார்ப்பவர். ஒரு சின்னத் தீ எரிந்து முடியும்வரை மழையில் நனைந்தபடி நின்றது இதுதான் முதல் தடவை.

கற்பூரம் எரிந்து முடிந்தது. அந்தப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து திரும்பினார். வண்டியைப் பார்த்தார். நனைந்து நின்ற பலராமனைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“கற்பூரம் அணையற வரைக்கும் ஹாரன்கூட அடிக்காம நின்னீங்களே சாமி! யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும். நான் செய்யாறு பக்கம், ரேணுகாம்பா. உங்க பேரு இன்னாங்கய்யா? அடுத்த கற்பூரம் உங்க பேருக்கு ஏத்தறேன்.”

பலராமன் வாயைத் திறந்தார். தலைக்குப் பின்னால் ஒரு சாண் உயர எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. மழை வழிந்த கண்ணாடியில் அதை யாராலும் படிக்க முடியவில்லை. அவராலும் சொல்ல முடியவில்லை.

“டிரைவரு பேரு காசிம்மா” என்றார். “அவரு பேருக்கு ஏத்துங்க. நிறுத்தினது அவருதான்.”

மிச்ச தூரம் முழுவதும் பலராமன் வண்டியில் ஏறவில்லை. அங்கவஸ்திரத்தை அவிழ்த்துக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்தார். “கொஞ்சம் ஓரம் போங்கம்மா, வண்டி வருது, மெதுவா, மெதுவா” என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே போனார். அந்த ஒரு அங்கவஸ்திரத்தைப் பார்த்து காசி வண்டியை மெல்ல நகர்த்தினார். பந்தலை அடைந்தபோது சால்வையோடு நின்றிருந்த ஆதிமூலம், சேறும் சகதியுமாக வந்த உருவத்தைப் பார்த்து, “யோவ், சோறு வாங்கறதா இருந்தா வரிசை அந்தாண்ட!” என்று அதட்டினார்.

பலராமன் அந்தாண்ட போனார். அங்கே நின்றபடியே கரண்டியை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தார். போட்டோவில் அவர் விழவில்லை.

மறுநாள் காலை வேங்கிக்காலில் மணிமொழி தன் பட்டறையைத் திறக்கும்போதே வண்டி வாசலில் நின்றது. பக்கத்தில் ஸ்டூலில் பலராமன். கையில் ஒரு பிளேடு.

“இன்னாங்கய்யா, நீங்களே வந்துட்டீங்க?” என்றார் மணிமொழி. பட்டறையைத் தனியாக நடத்துகிறவர். எந்த முதலாளிக்கும் எழுந்து நிற்கிற வழக்கம் கிடையாது.

“மோட்டாரை மாத்தும்மா. நான் பார்க்கணும்.”

மணிமொழி பேட்டரி ஒயரைக் கழற்றினார். வைப்பர் கைகளின் நட்டைத் திருகி எடுத்தார். கண்ணாடிக்குக் கீழே இருந்த கறுப்பு மூடியைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே கையை விட்டுக் கொத்துக் கொத்தாக எதையோ அள்ளி எடுத்துத் தரையில் போட்டார். அழுகிய சாமந்தி. கறுத்த ரோஜா இதழ். நான்கு காய்ந்த எலுமிச்சம்பழம். நார் நாராகப் போன மாலைகள்.

“தண்ணி வடியறதுக்கு இங்க ஓட்டை இருக்குதுங்க. மாசா மாசம் மாலை போட்டு, உதிர்ந்த பூ உள்ள போயி ஓட்டையை அடைச்சிடுச்சி. தண்ணி தேங்கி, மோட்டாருக்குள்ள எறங்கி, கிரீஸ் கரைஞ்சி, பல்லு போச்சி. மோட்டார் தானா சாவலிங்க. மாலை போட்டே கொன்னுட்டீங்க.”

காசி இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலராமன் அந்தக் குப்பைக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய மோட்டார் வெளியே வந்தது. ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். மணிமொழி அதைப் பிரித்துக் காட்டினார். நகக்கண் அளவுப் பற்கள், சுற்றிலும் மழுங்கிப் போயிருந்தன. “இத்தினூண்டா?” என்றார் பலராமன். இத்தனை வருஷ மழையை இது ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. இதற்கு ஒரு மாலை விழுந்ததில்லை. விழுந்தது இதன் கழுத்தை நெரித்தது.

புது மோட்டாரை உட்கார வைத்து மூன்று போல்ட்டையும் முடுக்கினார் மணிமொழி. ஆனால் வைப்பர் கைகளை அசைக்கும் லிங்க் கம்பியை உடனே மாட்டவில்லை. ஒயரைக் கொடுத்து, மோட்டாரை வெறுமனே ஒரு தடவை ஓடவிட்டார். சுவிட்சை அணைத்த பிறகும் அது தயங்கிச் சுற்றி, ஒரு இடத்தில் போய்த் தானாக நின்றது.

“அணைச்சிட்டியே, அப்புறம் ஏன் ஓடிச்சி?”

“அதோட எடத்துக்குப் போவுதுங்க. எங்க நிறுத்தினாலும் நடுவுல நின்னு கண்ணாடியை மறைக்காது. தானா போயி ஓரமா படுத்துக்கும். அந்த எடத்துல நிறுத்திட்டுத்தான் கையை மாட்டணும். தப்பா மாட்டினா கண் எதிர்லயே நின்னுக்கும்.”

வேலை முடிந்ததும் மணிமொழி மறுபடி ஓட்டி நிறுத்தினார். “எங்க, இன்னொரு வாட்டி போடு” என்று குழந்தைபோலக் கேட்டார் பலராமன். வேலை செய்துவிட்டு, பார்வையை மறைக்காமல் விலகிப் படுத்துக்கொள்ளும் ஒரு பொருளை அவர் தம் குழுவில் இதுவரை சந்தித்ததில்லை.

இதற்குள் ஸ்டிக்கர்களை அவரே சுரண்டி முடித்திருந்தார். ‘செம்மல்’ கடைசிவரை பிடிவாதம் பிடித்து, நகம் உடைந்த பிறகுதான் உரிந்தது. காசி ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் வீசினார். மணிமொழி சுவிட்சைத் தட்டினார். வைப்பர் ஒரு வீச்சு வீசியது.

கண்ணாடி முழுக்க மலை நின்றது.

அடி முதல் உச்சிவரை, நேற்றைய மழையில் கழுவி எடுத்த பச்சையும் பாறையுமாக, ஒரு எழுத்தும் குறுக்கே இல்லாமல். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பலராமன் கண்ணாடியை நோக்கிக் குனிந்தார். இந்த ஊரில் பிறந்து, இந்த மலையைச் சுற்றிச் சுற்றிச் சோறு போட்டவர். “இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா காசி?” என்றார்.

“நம்ம பேருக்குப் பின்னாலதாங்க இருந்துச்சி” என்றார் காசி.

அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் பைக்கில் வந்து இறங்கினார். துடைத்த கண்ணாடியைப் பார்த்ததும் முகம் மாறியது. “இன்னா தலைவரே, எல்லாத்தையும் சுரண்டிட்டீங்களா? என் கயிறு உபயத்தையும்? தானதர்மம் பண்றவனுக்கு ஒரு பேருகூட இருக்கக் கூடாதா?”

பலராமன் இறங்கி வந்தார். மடித்து வைத்திருந்த கயிற்றை ஆதிமூலத்தின் கையில் கொடுத்தார்.

“சோறு போடறது தர்மம்தான்ப்பா. அந்தச் சோத்தை ஏத்திட்டுப் போற வண்டி ஒரு உசுரை நசுக்காம போவணும் பாரு, அது அதுக்கும் முன்னாடி செய்ய வேண்டிய தர்மம். நாம பேரு தெரியற எடமா பார்த்துப் பார்த்து குடுத்தோம். பிரேக்கு, லைட்டு, வைப்பருன்னு உசுரைக் காப்பாத்தற எதுலயும் பேரு எழுத எடம் கெடையாது. அங்க குடுக்கறதுதான் குடுக்கறது. மத்ததெல்லாம் விளம்பரம். நேத்து அந்த அம்மா மேல வண்டி ஏறியிருந்தா, கண்ணாடியில இருந்த அத்தினி பேரும் சேர்ந்துதான் கொன்னிருப்போம்.”

ஆதிமூலம் கயிற்றைச் சுருட்டி பைக்கில் மாட்டினார்.

மணிமொழி பில் புத்தகத்தைப் பிரித்து, பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். “பில்லு யாரு பேர்லங்கய்யா போடறது?”

பலராமனின் வாய் பழக்கத்தில் திறந்தது. காசி சுவிட்சை அணைக்க, வைப்பர் அப்போதுதான் கடைசி வீச்சை முடித்துக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் போய்ச் சத்தமில்லாமல் படுத்தது. அவர் அதைப் பார்த்தார்.

“வண்டி நம்பரைப் போடும்மா, போதும்” என்றார்.